கைக்கு ஒரு கைங்கரியம்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பன்தாங்கல் பணிமனையிலிருந்து கிளம்பும் பேருந்துகளில் கறுப்பு வேட்டிகளும் நீல வேட்டிகளும் கூடிவிடும். கழுத்தில் துளசி மணி, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லை. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி நின்றுபோனால் போரூர் சிக்னலைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று நடத்துநராலும் சொல்ல முடியாது. அப்படி நிற்கிற நேரத்தில்தான் ஒன்று கண்ணில் படும். விடியற்காலைக் குளியல், இருவேளை பூஜை, தரையில் படுக்கை என்று எதிலும் பிசகாத ஒரு சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வலது கை மட்டும் மெல்ல மேலேறி, கட்டைவிரல் நகத்தை முன்பற்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கும். பக்கத்து சாமி "கையை எடுங்க சாமி" என்றால் சட்டென்று எடுத்துவிட்டு வெட்கத்தோடு சிரிப்பார். இரண்டு நிறுத்தம் போவதற்குள் கை திரும்பவும் அங்கேயே இருக்கும். விரத நாட்களில் முடியும் நகமும் வெட்டுவதில்லை என்பது மாலை போட்டவர்கள் பலர் கடைப்பிடிக்கும் நியமம். கறாராகக் கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு சிக்னலிலும் விரதம் முறிந்துகொண்டிருக்கிறது. குடியையும் புகையையும் மாமிசத்தையும் 41 நாளைக்கு நிறுத்திவைக்க முடிந்த மனிதருக்கு ஒரு துணுக்கு நகத்தை விட்டுவைக்க முடியவில்லை. தோற்றது அவருடைய பக்தியா, மன உறுதியா, வேறு ஏதாவதா?

இவ்வளவு அற்பமான விஷயத்துக்குக் கீதையும் வள்ளுவரும் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அற்பமாக இருப்பதால்தான் தத்துவ விசாரணைக்கு இது உகந்தது. குடியை எடுத்துக்கொண்டால் போதை, உடம்பின் நச்சரிப்பு, கூட்டாளிகள், கடை, காசு, வீட்டுச் சண்டை என்று நூறு காரணங்கள் குறுக்கே வந்து நிற்கும். ஒருவர் ஏன் விடவில்லை என்பதற்கு அவற்றில் எதைக் காட்டினாலும் பொருந்தும். நகத்தில் ருசியில்லை, போதையில்லை, லாபமில்லை, வாங்கச் சொல்லும் விளம்பரமும் இல்லை. கடிப்பவருக்கே அது பிடிக்காது. நகக்கண்ணில் ரத்தம் கசியும், நகச்சுத்து வந்து விரல் விண்விண்ணென்று தெறிக்கும், முன்பல் விளிம்பு தேயும், கீரிப்பூச்சியின் முட்டை விரல் வழியாக வயிற்றுக்குப் போகும். நாலு பேர் இருக்கும் இடத்தில் விரலை மடக்கி ஒளிக்க வேண்டியிருக்கும். இத்தனை நஷ்டத்துக்கு ஈடாக எதுவும் கிடைக்காத ஒரு காரியத்தை, விட்டுவிட வேண்டும் என்று மனதார விரும்பும் ஒருவர், முப்பது நாற்பது வருடமாக விட முடியாமல் தவிக்கிறார். மனித சித்தம் பற்றிய கேள்வி இங்கே வேறு எந்தப் போர்வையும் இல்லாமல் நிற்கிறது. விடுவதாக முடிவு செய்தது யார்? அதை மீறியது யார்?

பழைய நூல்கள் இதை அற்பமென்று ஒதுக்கிவிடவில்லை. மநுஸ்மிருதியின் 4ஆம் அத்தியாயம் 71ஆம் சுலோகம், மண்ணாங்கட்டியை நொறுக்குகிறவன், புல்லைக் கிள்ளுகிறவன், நகத்தைக் கடிக்கிறவன் மூவரும் சீக்கிரமே அழிந்துபோவார்கள் என்கிறது. கோள் சொல்லுகிறவனையும் சுத்தம் பேணாதவனையும் அதே வரிசையில் சேர்க்கிறது. மனிதரைப் பிறப்பால் தரம் பிரித்த அந்த நூலைப் புறந்தள்ளுகிறவர்கள்கூட இந்த முதல் மூன்று பேரைச் சற்று உற்றுப் பார்க்கலாம். மூவருமே சும்மா உட்கார்ந்திருக்கும்போது கைக்கு வேலையில்லாதவர்கள். கவனிப்பு கூர்மையானது, கொடுத்த தண்டனைதான் பொருத்தமில்லாதது. நகம் கடித்தால் தரித்திரம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்ததும் அதே மிரட்டலின் சின்ன வடிவம்தான். பௌத்தர்களின் விநய பிடகம், சுல்லவக்கம் என்ற பகுதியில், இதே காட்சியை வேறு விதமாகப் பார்க்கிறது. பிக்குகள் நகத்தை நகத்தால் பிய்த்தார்கள், வாயால் கடித்துத் துண்டித்தார்கள், சுவரில் தேய்த்தார்கள், விரல்கள் வலித்தன. செய்தி புத்தரிடம் போனது. அவர் பாவம் என்றும் சொல்லவில்லை, அழிவு என்றும் சொல்லவில்லை; நகம் வெட்டும் கருவி வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். பிறகு அதைக் கொண்டு ரத்தம் வருமளவு வெட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்ததும், சதை மட்டத்துக்கு வெட்டினால் போதும் என்று அளவையும் சொன்னார். ஒரே செயலுக்கு ஒரு மரபு சாபம் கொடுத்தது, இன்னொன்று நகவெட்டி கொடுத்தது. இரண்டில் எது மனிதனை நன்றாகப் புரிந்துகொண்டது என்பதே இந்தக் கட்டுரையின் வழக்கு.

விரும்பாததையே செய்யும் மனிதனைப் பற்றி உலகம் நெடுங்காலமாகக் கவலைப்பட்டிருக்கிறது. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன், இஷ்டமில்லாமலே யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் மனிதன் தவறு செய்கிறானே, தள்ளுவது எது என்று கேட்கிறான். காமமும் குரோதமும் என்று கிருஷ்ணன் பதில் சொல்கிறான். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல், தான் விரும்பும் நன்மையை விட்டுவிட்டு வெறுக்கும் தீமையையே செய்வதாகப் புலம்பி, தன் உறுப்புகளில் வேறொரு சட்டம் ஓடுவதாக முடிவுக்கு வருகிறார். அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் ஏழாம் பகுதியில் பெரும்பாலும், நல்லது தெரிந்தும் கெட்டதன் பக்கம் சாய்கிறவனின் தளர்ச்சியை ஆராய்கிறார். மூவரும் மூன்று உலகத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் மூவரின் சித்திரத்திலும் ஒரு போர்க்களம் இருக்கிறது. ஆசை ஒரு பக்கம், அறிவு மறுபக்கம். நடுவில் நின்று, தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். நகம் கடிப்பவரை இந்தக் களத்தில் நிறுத்தினால் சித்திரம் பொருந்துவதில்லை. அவருக்கு நகத்தின் மேல் ஆசை கிடையாது. அதைவிட முக்கியம், கை வாய்க்குப் போகும் தருணத்தில் அவர் அங்கே இல்லை. தோற்பதை அவர் பார்க்கவே இல்லை. தோற்று முடிந்தபின் விரல்நுனியைப் பார்த்துத்தான் சண்டை நடந்ததையே தெரிந்துகொள்கிறார்.

ஆகவே இது ஆசையின் குற்றம் என்பதைவிட மறதியின் குற்றம் என்பதே சரி. வள்ளுவர் மறதிக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், பொச்சாவாமை என்ற 54ஆவது அதிகாரம். அளவுமீறிய கோபத்தைவிட, மகிழ்ச்சியில் மெய்மறந்து வரும் சோர்வு கெட்டது என்று அதன் முதல் குறளிலேயே ஆரம்பிக்கிறார். அவர் பேசுவது அரசனுக்கு. ஆனால் கோபத்தையும் மறதியையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்த அந்தப் பகுப்பு பேருந்துப் பயணிக்கும் செல்லும். இன்றைய மனநல மருத்துவமும் நகம் கடித்தல், முடி பிடுங்குதல் போன்றவற்றில் தெரிந்தே செய்வதையும் தன்னறியாமல் செய்வதையும் பிரித்துப் பேசுகிறது. 2015இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் இத்தகைய பழக்கமுள்ளவர்களைச் சோதித்தபோது, சலிப்பும் எரிச்சலும் தூண்டுகோலாக இருப்பதைக் கண்டார்கள். போரூர் சிக்னல் இரண்டையும் தாராளமாகத் தரும். மறதியே நோயென்றால் சபதம் ஏன் மருந்தாகாது என்பது புரிந்துவிடும். சபதம் நினைவிருக்கும்போதுதான் வேலை செய்யும். கை மறந்திருக்கும்போதுதான் மேலே போகும். இரண்டும் ஒருநாளும் நேருக்குநேர் சந்திப்பதில்லை. ஒவ்வொரு நிமிடமும் சபதத்தையே நினைத்துக்கொண்டிருக்கலாமே என்றால், குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொன்ன வைத்தியன் கதைதான். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். கரடி விடாமல் வந்தது. நம் வைத்தியனுக்குக் குரங்கு, அவருக்குக் கரடி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். வைராக்கியம் வந்தால் முடியாதது உண்டா? மாலை போட்ட அன்றே பாட்டிலைத் தொடாமல் விடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்களே? இருக்கிறார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வெற்றி எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். வேட்டியின் நிறம் மாறுகிறது. வீட்டில், கடையில், பேருந்தில் எல்லோரும் சாமி என்று கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் போகுமிடம் மாறி, டாஸ்மாக் பக்கம் போன கால்கள் பஜனை மடத்துக்குப் போகின்றன. குருசாமி ஒருவர் கேள்வி கேட்பார். அதாவது மனதின் உள்ளே உருவான உறுதியைக்காட்டிலும், வெளியே எழுப்பிய ஏற்பாடு அதிக வேலை செய்கிறது. குடிக்கும் மனிதனுக்கும் குடிக்கும் நடுவில் ஒரு தெரு தூரம் இருக்கிறது. அந்தத் தெருவில் நாலு பேர் நிற்க முடியும், சபதமும் விழித்துக்கொள்ள முடியும். நகத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு முழங்கை மடிப்புத்தான் தூரம். அங்கே குருசாமி நிற்க இடமில்லை. மாலையைக் கழற்றியதும் குடி திரும்புவதைப் பல வீடுகள் பார்த்திருக்கின்றன என்பதும் இதையே சொல்கிறது. ஏற்பாடு கலைந்தால் உறுதியும் கலைகிறது. வைராக்கியத்தை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. மனம் காற்றைப்போல் அடங்காதது என்று அர்ஜுனன் முறையிட்டபோது கிருஷ்ணன் வைராக்கியத்தைத் தனியாகச் சொல்லவில்லை. அப்யாசத்தை முன்னால் வைத்து வைராக்கியத்தை அதன் பின்னால் வைத்தான். பழக்கத்தை இன்னொரு பழக்கம்தான் மாற்றும் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது.

புத்தர் இதை இன்னும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்தத் தொகுப்பின் 20ஆவது சூத்திரம், வேண்டாத எண்ணத்தைப் போக்க ஐந்து வழிகளை வரிசைப்படுத்துகிறது. தச்சன் மெல்லிய முளையை அடித்துப் பருமனான முளையை வெளியேற்றுவதுபோல், ஓர் எண்ணத்தின் இடத்தில் இன்னொன்றை வைப்பது முதல் வழி. அது பலிக்காவிட்டால் அதன் கேட்டை எண்ணிப் பார்ப்பது, பிறகு அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, பிறகு அதன் வேரைப் படிப்படியாகத் தணிப்பது. இவை நாலும் தோற்றபின் ஐந்தாவதாகத்தான் பல்லோடு பல் வைத்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனதால் மனதை நசுக்குவது வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுத் தொலை என்பதுதான் நாம் ஒருவருக்கொருவர் சொல்லும் முதல் அறிவுரை. புத்தர் அதைக் கடைசியில் வைத்தார். 1973இல் அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் ஆஸ்ரினும் கிரிகரி நன்னும் நகம் கடித்தல் முதலான பழக்கங்களுள்ள 12 பேருக்குக் கொடுத்த பயிற்சியும் தச்சனின் முளைதான். முதலில் கை எந்த நேரத்தில், எந்த வழியாக, எந்த அசைவோடு கிளம்புகிறது என்று பார்க்கப் பழகுவது. கிளம்பியது தெரிந்ததும் விரல்களை மடக்கி இறுக்கியோ ஒரு பொருளைப் பற்றியோ சுமார் மூன்று நிமிடம் வைத்திருப்பது. இன்றும் மருத்துவர்கள் இந்தப் பழக்கத்துக்கு முதலில் நம்புவது இந்த முறையைத்தான். இதன் நியாயம் இந்த வட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். தாங்கல் என்று பெயர் முடியும் ஊர்கள் எல்லாம் மழைநீரைத் தாங்கிய சிறு ஏரிகளின் பெயரைச் சுமப்பவை. மனை போட்டாலும் மதில் எழுப்பினாலும் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் முகலிவாக்கமும் மணப்பாக்கமும் அதைப் பார்த்தன. வராதே என்று தண்ணீருக்கு ஆணையிட முடியாது, போவதற்கு வேறு கால்வாய்தான் வெட்ட முடியும்.

மதங்கள் நாவுக்கு மந்திரம் கொடுத்ததைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். விரலுக்கு வேலை கொடுத்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. இந்துவின் ஜபமாலை, கத்தோலிக்கரின் செபமாலை, இஸ்லாமியரின் தஸ்பீஹ் மூன்றும் விரல்கள் ஒரு மணியைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடிக்கும் அதே அசைவுதான். எண்ணிக்கை தவறாமலிருக்க என்று காரணம் சொல்வார்கள். எண்ணுவதற்கு விரல்கணுவே போதும். மணி உருட்டும் விரல் அலைவதில்லை, அது அலையாதபோது மனமும் கொஞ்சம் நிற்கிறது என்பதை மூன்று மரபும் தனித்தனியாகக் கண்டுகொண்டன என்றே நினைக்கத் தோன்றுகிறது. நகத்தையே நியமத்துக்குள் கொண்டுவந்த மரபுகளும் உண்டு. இஸ்லாத்தில் நகம் வெட்டுவது மனித இயல்பைச் சேர்ந்த தூய்மைகளில் ஒன்று. நாற்பது நாளுக்கு மேல் அதை விட்டுவைக்கலாகாது. சபரிமலைக்குப் போகிறவர் 41 நாள் வெட்டாமலிருக்கிறார். விதி நேரெதிர், ஆனால் இரண்டுமே நகத்தைக் கவனிப்பின் எல்லைக்குள் வைக்கின்றன.

ஐயப்பன்தாங்கலைக் கடந்துபோகும் சாலையின் இரு முனையிலும் கையைப் பற்றிய கதைதான் இருக்கிறது என்பது ஒரு தற்செயல். பரங்கிமலை முனையில் தோமையார். ஆணித் தழும்பில் தன் விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னதாக யோவான் நற்செய்தி கூறும் சீடர். உயிர்நீத்தது அந்த மலையில் என்பது மரபு. பூந்தமல்லி முனையில் திருக்கச்சி நம்பி. ராமானுஜருக்கு மூத்தவர், அந்தணர் குலத்தில் பிறக்காதவர், ராமானுஜரே குருவாகக் கொள்ள விரும்பியவர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசுவது அவர் கைங்கரியம். விசிறி வீசுவதைவிட எளிய வேலை கோயிலில் இருக்க முடியாது. ஆனால் அதை வீசிக்கொண்டே தூங்க முடியாது, வீசும் கையை வேறெங்கும் அனுப்பவும் முடியாது. அந்தக் கைக்கு வேலையும் கவனமும் ஒன்றாகிவிட்டன. வரதர் அவரோடு பேசினார் என்பது நம்பிக்கை. நம்பாதவருக்கும் ஒன்று சொல்லலாம்: இத்தனை வருடம் ஒரே அசைவில் கவனத்தை வைத்திருந்த ஒருவருக்குப் பிறர் காதில் விழாத ஏதோ ஒன்று விழுந்திருப்பதில் வியப்பில்லை. அதே மரபு இன்னொன்றும் சொல்கிறது. மோட்சம் கேட்ட நம்பிக்கு, வீசியதற்குப் பேசியதே ஈடாகிவிட்டது என்று வரதர் கணக்கை முடித்துவிட்டாராம். கைக்கு வேலை கொடுப்பது கூலிக்காக அல்ல என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. மாலை போட்ட சாமியின் கழுத்திலேயே மணி தொங்குகிறது. கை மேலே போகும்போது வழியில் அதைப் பிடித்துக்கொண்டால் போதும். அதற்குப் பக்தி கூடுதலாக வேண்டியதில்லை. மணி அங்கேதான் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கைக்குத் தெரிவது எப்படி என்பதுதான் மிச்சமுள்ள சிக்கல். மறந்திருக்கும் நேரத்துக்கு நினைவை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பெரியாழ்வார் இதே சிக்கலை மரணப் படுக்கையை வைத்து யோசித்திருக்கிறார். உடல் தளர்ந்து மூச்சு இழுக்கும் வேளையில் அரங்கனை நினைக்க முடியாமல் போகலாம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அந்த வேளைக்கானதைத் தெளிவாக இருக்கும் இப்போதே சொல்லி, அரங்கனிடமே ஒப்படைத்துவிடுகிறார். கடைசி நேர மன உறுதியை நம்பாமல் முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு இது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்று, இதைச் செய்வேன் என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, இன்ன சமயம் வந்தால் இன்னது செய்வேன் என்று இடத்தையும் செயலையும் முடிச்சுப் போட்டுவைப்பது நன்றாகப் பலிக்கிறது என்று காட்டியது. இனி நகம் கடிக்கமாட்டேன் என்பது சபதம். வண்டி நின்றால் முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பேன், தொலைக்காட்சி ஓடினால் பூ கட்டுவேன், போனில் யாராவது காக்க வைத்தால் மணியை உருட்டுவேன் என்பது முடிச்சு. சபதத்தை மனிதர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். முடிச்சை நின்ற வண்டியே ஞாபகப்படுத்தும்.

வைணவத்துக்குள் நெடுங்காலமாக நடக்கும் ஒரு வழக்கும் இங்கே வேறு ஒளியில் தெரிகிறது. தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல் ஜீவன் முயல வேண்டும் என்பது வடகலை. தாய் கவ்வித் தூக்கிப்போகும் பூனைக்குட்டிபோல் சும்மா இருந்தால் போதும் என்பது தென்கலை. முயற்சியா, கருணையா என்று இதை மோதவிடுவதே வழக்கம். பழக்கத்தை விட முயல்கிறவரின் நாளில் இவை இரண்டும் வெவ்வேறு வேளைக்கு உரியவை. கை கிளம்பும் வேளையில் அவர் குரங்குக்குட்டி: இரண்டு கையாலும் எதையோ பற்றிக்கொண்டிருக்கும் குட்டியால் நகம் கடிக்க முடியாது. கடித்துவிட்ட பிறகு அவர் பூனைக்குட்டியாக இருந்தாக வேண்டும். தான் நழுவியதாலேயே கைவிடப்பட்டோம் என்று அது நினைப்பதில்லை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கை கிளம்பும்போது சும்மா இருந்துவிட்டு, கடித்து முடித்தபின் தன்னையே பிறாண்டிக்கொள்கிறார்கள்.

இங்கேதான் வில்லியம் ஜேம்ஸ் குறுக்கே நிற்கிறார். 1890இல் வெளிவந்த உளவியல் நூலில் பழக்கம் பற்றிய அத்தியாயத்தில், புதுப் பழக்கம் வேரூன்றும்வரை ஒரு விதிவிலக்குக்கும் இடம் தராதே என்று எச்சரிக்கிறார். சுற்றிக்கொண்டிருக்கும் நூலுருண்டை ஒருமுறை கை தவறினால், பல சுற்றுகளின் உழைப்பு அவிழ்ந்துவிடும் என்பது அவர் உவமை. மதுவுக்கும் புகைக்கும் இந்தக் கறார் பொருந்தலாம். தன்னறியாமல் நடக்கும் செயலுக்கு இதையே விதியாக்கினால், முதல் தவறிலேயே எல்லாம் அவிழ்ந்தது என்று ஒருவர் நூலைத் தூக்கி எறிந்துவிடுவார். சைவ சித்தாந்தம் இதைவிட மனிதனை அறிந்திருக்கிறது. பெருங்காயம் வைத்த பாண்டத்தைக் கழுவிவிட்டாலும் மணம் போவதில்லை. அதுபோல் மலம் நீங்கிய ஞானியிடமும் வாசனாமலம் மிஞ்சியிருக்கும் என்று அது சொல்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் கடைசியான 12ஆம் நூற்பாவை, விடுதலை பெற்றவர் அந்த மிச்சத்தை எப்படிக் கழுவுவது என்பதற்கே ஒதுக்குகிறது. வழி, அன்பரோடு கூடியிருத்தல், திருவேடத்தையும் ஆலயத்தையும் வணங்குதல், அதாவது சூழல். ஒருவர் மறுபடி கடித்துவிட்டார் என்பது அவர் மாறவில்லை என்பதற்குச் சாட்சியாகாது. பாண்டம் காலியாகிவிட்டது, மணம் இன்னும் போகவில்லை. திருக்கச்சி நம்பி ராமானுஜருக்காக வரதரிடம் கேட்டு வந்த ஆறு வார்த்தைகளில் ஒன்றும் இதைத் தொடுகிறது. சரணடைந்தவனுக்கு உயிர் பிரியும் நேரத்து நினைவு கட்டாயமில்லை என்பது அது. மறந்துபோவான் என்று தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் ஒரு கடவுளை அந்த வார்த்தை முன்வைக்கிறது.

மன்னித்துக்கொண்டே போனால் சோம்பேறித்தனம் வளராதா என்பது அடுத்த கேள்வி. குற்றவுணர்ச்சி என்ற சாட்டை இல்லாவிட்டால் யார் திருந்துவார்கள்? அந்தச் சாட்டை இத்தனை வருடமாக வீசப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வேப்பெண்ணெய் தடவிய விரல், கற்றாழை பூசிய விரல், ஸ்கேல் அடி வாங்கிய விரல், சொந்தக்காரர் முன்னால் நீட்டச் சொல்லிக் காட்டப்பட்ட விரல். பலன் என்னவென்றால் கடிப்பது மறைவிடத்துக்குப் போனது. கசப்புப் பூச்சுக்கு ஓரளவு பயன் உண்டு. அது தண்டனையாக வேலை செய்வதைவிட நினைவூட்டலாகத்தான் வேலை செய்கிறது. வெட்கமோ எதிர்த் திசையில் இழுக்கிறது. வெட்கம் இறுக்கத்தைக் கொடுக்கும், இறுக்கம் கையை வாய்க்கு அனுப்பும், அது இன்னும் வெட்கத்தைக் கொடுக்கும். தவிர, மறதிக்குக் கொடுக்கும் மன்னிப்பும் அலட்சியத்துக்குக் கொடுக்கும் அனுமதியும் ஒன்றல்ல. கடைசி நினைவு கட்டாயமில்லை என்று கேட்டபின் ராமானுஜர் ஓய்ந்து உட்காரவில்லை. திருவரங்கத்துக் கோயிலின் தினசரி ஒழுங்கையே சீரமைத்தார். பயமில்லாதவர்தான் தன் தவறை நிதானமாகப் பார்க்க முடியும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் கை கிளம்பியது என்று பார்க்காமல் முடிச்சு எங்கே போடுவது?

இதெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது, மடத்தில் பேச வேண்டியதல்ல என்று கடைசியாக ஒருவர் சொல்வார். பாதி சரி. 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5, மிகையான நகம் கடித்தலை எண்ணச் சுழற்சி நோய்களுக்கு அருகிலேயே வைத்திருக்கிறது. விரல் சீழ் பிடித்தாலோ, வாழ்க்கையே அதைச் சுற்றி ஒடுங்கிவிட்டாலோ மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. விரதத்தை நீட்டுவது முறையல்ல. ஆனால் மருத்துவர் தரும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டியவர் கடிப்பவரேதான். ஆயிரம் முறை தவறியபின் ஆயிரத்தோராவது முறை அதைத் தொடங்குவதற்கு, தவறியவனைப் பற்றித் தனக்குள் ஒரு கருத்து வேண்டும். நான் உதவாக்கரை என்ற கருத்தோடு எந்தப் பயிற்சியும் நிலைக்காது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற பழமொழியை விதியாகப் படித்தவருக்கும் அப்படித்தான். சம்பிரதாயங்கள் சேர்த்துவைத்த சொத்து இந்த இடத்தில்தான் உதவும். உன் கை உன் பகையாளி அல்ல, வேலையில்லாமல் நின்ற வேலையாள் என்று அவை சொல்லக்கூடும். முடிவு செய்ததும் மீறியதும் யார் என்ற கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. இரண்டு எதிரிகள் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. இருக்கும் ஒருவர் எப்போதும் விழித்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

நகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் வளர்கிறது. ஒரு மண்டலத்துக்கு நாலு மில்லிமீட்டர். அடி முதல் நுனிவரை முழுசாகப் புதுசாக ஆறு மாதம். இந்த வளர்ச்சியில் நம் உழைப்பு எதுவுமில்லை. சபதம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும், நேற்றுத் தவறியவருக்கும் அது ஒரே வேகத்தில் வருகிறது. நாம் செய்ய வேண்டியது அதன் வழியில் பல்லை வைக்காமலிருப்பது மட்டும். வாழ்நாள் முழுக்கக் கடித்தவரின் வீட்டில் நகவெட்டி மற்றவர்களுக்காக இருக்கும். வெள்ளிக்கிழமை வெட்டாதே, விளக்கு வைத்தபின் வெட்டாதே என்ற வீட்டுக் கட்டளைகளும் அவரைத் தொட்டதில்லை. வெட்டுவதற்கு அவரிடம் எதுவும் இருந்ததில்லை. தை பிறந்து மாலையைக் கழற்றிய ஒரு வெள்ளிக்கிழமை, விரல்நுனியில் பிறைபோல் வெள்ளை விளிம்பு எட்டிப்பார்க்கிறது, அவர் அலமாரியில் நகவெட்டியைத் தேடுகிறார், உள்ளேயிருந்து யாரோ "இன்னிக்கு வேணாம், நாளைக்கு வெட்டிக்கோ" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கண்டிப்பைவிட இனிய பிரசாதம் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை.